ஓ.எல். முடிந்தது, இனி எங்கே? நம் சமூகம் நீண்ட காலமாகக் கேட்டுவரும் கேள்வி



ஓ.எல். பெறுபேறு வெளிவந்தால் நம் வீடுகளில் இரண்டு மூன்று கிழமைக்கு ஒரே பேச்சுத்தான். பிள்ளையை இனி எங்கே சேர்ப்பது? ஊர்ப் பாடசாலையிலேயே விடுவதா, நகரத்துக்கு அனுப்புவதா? சயன்ஸா, கொமர்ஸா, ஆர்ட்ஸா? மத்ரஸாவா? ஏதாவது தொழில் பழகட்டுமா? ஆசிரியர்களாகிய எங்களிடம் வரும் பெற்றோரில் அநேகர் முதலில் கேட்பது, "எந்த ஸ்கூல் நல்லம் சேர்?" என்பதைத்தான்.

பதில் சொல்வதற்கு முன், இந்தக் கேள்வி நம் சமூகத்தில் எப்படி வளர்ந்து வந்தது என்பதைச் சொல்லத் தோன்றியது. நமது பாட்டன், பூட்டன் காலத்தில் "எந்தப் பாடசாலை" என்று கேட்க முடியவில்லை. "பாடசாலை ஒன்று இருக்கிறதா" என்றுதான் கேட்க முடிந்தது. அங்கிருந்து இங்கு வந்து சேர்ந்த பாதை தெரிந்தால், இன்றைய முடிவை எடுப்பதும் கொஞ்சம் இலகுவாகும். பதிவு நீளமானது. பொறுமையாக வாசியுங்கள்.

19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதிக்குப் போவோம். அப்போது ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் மிஷனரிமாரின் கையில் இருந்தது. பாடசாலைக்குப் போகும் பிள்ளை மார்க்கத்தை விட்டுவிடுவான் என்று நம் முன்னோர் பயந்தார்கள். அந்தப் பயம் வெறும் கற்பனை அல்ல. அந்தப் பாடசாலைகளில் வேதபாடமும் கற்பிக்கப்பட்டது. அதனால் நம் பிள்ளைகள் ஓதற்பள்ளியில் குர்ஆன் ஓதினார்கள், அரபுத்தமிழ் வாசிக்கப் பழகினார்கள், பிறகு வாப்பாவின் கடையில் கணக்குப் பழகினார்கள். எழுத வாசிக்கத் தெரியாத சமூகம் என்று நம்மைச் சொல்வது அநியாயம். ஆனால் அரச சேவைக்கும் சட்டத்துக்கும் மருத்துவத்துக்கும் கேட்ட பரீட்சைகள் ஆங்கிலத்தில் இருந்தன. அவற்றுக்குப் போகும் வாசல் நமக்கு மூடியே கிடந்தது.

அந்த வாசலைத் தட்டியவர்களில் முதன்மையானவர் கண்டியைச் சேர்ந்த சட்டத்தரணி எம். சி. சித்திலெப்பை. 1838இல் பிறந்தவர். 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, அதில் கல்வியைப் பற்றி ஓயாமல் எழுதினார். 1883இல் எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு இலங்கைக்கு வந்த ஒராபி பாஷாவின் தொடர்பு அவருக்குப் பெரிய பலமாக அமைந்தது. மார்க்கத்தையும் நவீனக் கல்வியையும் ஒரே கூரையின் கீழ் கொடுக்கலாம் என்பதை மக்களிடம் எடுத்துச் சொல்ல இன்னொரு முஸ்லிம் நாட்டின் தலைவர் ஒருவரே இங்கே இருந்தார்.

1884இல் கொழும்பில் ஆரம்பித்த முதல் முயற்சி நிலைக்கவில்லை. ஆனாலும் அவர்கள் விட்டுவிடவில்லை. 1892இல் மருதானைப் பள்ளிவாசல் வளவில் அல் மத்ரஸதுஸ் ஸாஹிரா திறக்கப்பட்டது. அதுதான் இன்றைய கொழும்பு ஸாஹிராக் கல்லூரி. அதற்குத் தோள் கொடுத்தவர்களில் ஒருவர் வாப்பிச்சி மரைக்கார். கொழும்பு நூதனசாலையைக் கட்டிய கட்டட ஒப்பந்தக்காரர் அவர். சித்திலெப்பையின் பேனா, பாஷாவின் செல்வாக்கு, மரைக்காரின் கைப்பொருள் மூன்றும் சேர்ந்துதான் அந்த இடம் உருவானது. கண்டியில் முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்கென்று பாடசாலை நடத்தும் முயற்சியிலும் சித்திலெப்பை இறங்கினார். பெண் பிள்ளை படிப்பதைப் பற்றி இன்றும் சில ஊர்களில் வாக்குவாதம் நடக்கிறது. அவர் 1890களிலேயே அந்த வாக்குவாதத்தை முடித்துவைக்கப் பார்த்தார்.

ஆனாலும் மேற்படிப்பு வரை போன பிள்ளைகள் மிகக் குறைவு. போனவர்கள் எப்படிப் போனார்கள் என்பதற்கு இரண்டு உதாரணங்கள் போதும்.

ஒன்று, டி. பி. ஜாயா. 1890இல் கலகெதரையில், ஒரு மலாய்க் குடும்பத்தில் பிறந்தார். படித்தது கொழும்பில், கிறிஸ்தவப் பாடசாலையான சென் தோமஸ் கல்லூரியில். கற்பித்தது பௌத்தப் பாடசாலையான ஆனந்தாவில். 1921இல் ஸாஹிராவின் அதிபராக வந்து 1948 வரை இருந்தார். ஒடுங்கிக் கிடந்த பாடசாலையை நாட்டின் முன்னணிக் கல்லூரிகளில் ஒன்றாக ஆக்கியவர் அவர்தான்.

மற்றவர், ஏ. எம். ஏ. அஸீஸ். 1911இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தார். அங்கே முஸ்லிம் பிள்ளைகளுக்கு மேல்வகுப்புப் பாடசாலை கிடையாது. அவர் வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தார். கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரியில் வரலாறு படித்துத் தேறி, 1935இல் இலங்கை சிவில் சேவைக்குத் தெரிவானார். அந்தச் சேவைக்குத் தெரிவான முதல் முஸ்லிம் அவர்தான்.

இந்த இருவரையும் வளர்த்த பாடசாலைகள் நம்முடையவை அல்ல. அவற்றை நடத்தியவர்கள் நம் பிள்ளைகளுக்கு இடம் கொடுத்தார்கள். அந்த நன்றியை மறக்கக் கூடாது. அதேநேரம் எல்லாப் பிள்ளைக்கும் அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. பட்டணத்துக்கு அருகில் பிறந்த, கட்டணம் கட்டக்கூடிய, வாப்பா துணிந்த ஒரு சிலர்தான் போனார்கள். சம்மாந்துறையிலோ கிண்ணியாவிலோ வயல்காரன் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு அவர்கள் போன பாதை ஒரு கதைதான்.

இதை அஸீஸ் நேரில் கண்டார். 1942இல், இரண்டாம் உலக யுத்த காலத்தில், உணவு உற்பத்தியைக் கவனிப்பதற்காக அவர் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பப்பட்டார். நெல் விளைந்த பூமி அது. ஆனால் அங்குள்ள நம் பிள்ளைகளின் படிப்பு எந்த வகுப்போடு நின்றது, ஏன் நின்றது என்பதை அவர் கவனித்தார். கெட்டித்தனம் குறைவாக இருந்ததால் அது நிற்கவில்லை. காசும் தூரமும் சேர்ந்து நிறுத்தின. அதன் விளைவாக 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி உருவானது. கெட்டித்தனம் இருந்தும் வசதி இல்லாத பிள்ளைகளுக்கு மேற்படிப்புக்கு உதவுவதுதான் அதன் வேலை. பிறகு அவர் சிவில் சேவையையே விட்டு, 1948இல் ஜாயாவுக்குப் பின் ஸாஹிராவின் அதிபரானார். அந்தக் காலத்தில் சிவில் சேவைப் பதவி என்றால் என்னவென்று வயதானவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அதை உதறிவிட்டு ஒருவர் பாடசாலைக்கு வந்தார்.

அதே 1945இல் நாட்டுக்கே பெரிய மாற்றம் ஒன்று வந்தது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னும் பின்னும் ஊர்ப்புறங்களில் மத்திய கல்லூரிகள் எழுந்தன. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் கிடைத்தவர்கள் விடுதியில் தங்கி அங்கே படிக்கலாம். கட்டணம் என்ற பூட்டு திறந்தது. ஜாயா தன் பங்குக்கு ஸாஹிராவின் கிளைகளைக் கம்பளை, மாத்தளை, அளுத்கம, புத்தளம் என்று ஊர்களுக்குக் கொண்டுபோயிருந்தார். கிழக்கில் கல்முனையிலும் ஸாஹிரா எழுந்தது. 1946இல் கொழும்பில் முஸ்லிம் மகளிர் கல்லூரி ஆரம்பமானது. அதற்குக் காணி கொடுத்து முன்னின்றவர் சேர் ராஸிக் பரீத். மருதானையில் ஸாஹிராவுக்குத் தோள் கொடுத்த வாப்பிச்சி மரைக்காரின் பேரன் அவர். ஒரு குடும்பத்தில் பாட்டன் ஆண் பிள்ளைகளுக்கு இடம் செய்தார், பேரன் பெண் பிள்ளைகளுக்கு இடம் செய்தார்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். ஜாயாவோ அஸீஸோ ராஸிக் பரீதோ "நல்ல பாடசாலைக்குப் போங்கள்" என்று பிள்ளைகளுக்குப் புத்தி சொல்வதோடு நிற்கவில்லை. பிள்ளை இருக்கும் பக்கத்துக்குப் பாடசாலையைக் கொண்டுபோனார்கள், அல்லது பாடசாலை இருக்கும் பக்கத்துக்குப் பிள்ளை போகக் காசு கொடுத்தார்கள். தெரிவு என்பது அதற்குப் பிறகுதான் வந்தது.

இனி மொழியின் கதை. சுதந்திரத்துக்குப் பின் பாடசாலைகளில் தாய்மொழிமூலக் கல்வி படிப்படியாக மேல்வகுப்புகளுக்கு ஏறியது. சிங்களப் பிள்ளை சிங்களத்தில், தமிழ்ப் பிள்ளை தமிழில் என்று விதி இருந்தது. முஸ்லிம்களுக்கு மொழியைத் தெரிவு செய்யும் சலுகை இருந்தது. கிழக்கிலும் வடக்கிலும் நாம் தமிழிலேயே படித்தோம். தெற்கிலும் மலையகத்திலும் மேற்கிலும் சிலர் சிங்களத்துக்கும், வசதியுள்ளவர்கள் ஆங்கிலத்துக்கும் போனார்கள். அப்போது இது வீட்டுக்கு வீடு எடுத்த சின்ன முடிவாகத் தெரிந்திருக்கும். ஆனால் பின்னால் அது எவ்வளவு பெரிய முடிவாக மாறியது என்பதை 1971 காட்டியது.

அந்த ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியில் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தது. பேராதனை மருத்துவ பீடத்துக்குத் தமிழ்மொழிமூலம் எழுதியவருக்கு 250 புள்ளி வேண்டியிருந்தது. சிங்களமொழிமூலம் எழுதியவருக்கு 229 போதுமாயிற்று. தமிழில் எழுதிய முஸ்லிம் மாணவனும் 250 எடுத்தே ஆக வேண்டும். அவனுடைய மச்சான் கண்டியிலோ மாத்தறையிலோ சிங்களத்தில் எழுதியிருந்தால் 229. ஒரே குடும்பம், ஒரே பரீட்சை, இரண்டு கணக்கு. இனத்தின் பெயரால் எழுந்த அந்தப் பிரச்சினை நாட்டை எங்கே கொண்டுபோய் விட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். 1974இல் மாவட்ட ஒதுக்கீடு சேர்க்கப்பட்டபோது யாழ்ப்பாணமும் கொழும்பும் இடங்களை இழந்தன. பின்தங்கிய மாவட்டங்கள் பெற்றன.

அந்தக் காலத்தில் கல்வி அமைச்சராக இருந்தவர் நம்மவரான கலாநிதி பதியுதீன் மஹ்மூத். கம்பளை ஸாஹிராவைக் கட்டியெழுப்பிய அதிபர். 1960 முதல் 1963 வரையும், 1970 முதல் 1977 வரையும் அந்த அமைச்சைப் பொறுப்பேற்றவர். தரப்படுத்தலுக்காக அவர் பெயரை இன்றும் கசப்போடு சொல்பவர்கள் இருக்கிறார்கள். முஸ்லிம் பாடசாலைகளைத் தனி வகையாக நிலைநிறுத்தியதற்கும், ஊர்தோறும் முஸ்லிம் ஆசிரியர்களை நியமித்ததற்கும் நன்றியோடு சொல்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் நடந்தவையே. வரலாற்றைப் படிப்பிக்கும்போது ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க எங்களுக்கு விருப்பமில்லை. அந்த நியமனங்களால் எத்தனையோ ஊர்களில் முதல் தலைமுறை ஆசிரியர்களும் ஆசிரியைகளும் உருவானார்கள். ஊருக்குள் ஒரு டீச்சர் சாரி உடுத்துக் கொடை பிடித்துப் பாடசாலைக்குப் போவதைப் பார்த்துத்தான் பல உம்மாமார் தங்கள் மகளையும் மேலே படிக்கவைக்கத் துணிந்தார்கள்.

மார்க்கக் கல்வியின் பக்கத்திலும் மாற்றம் வந்தது. ஓதப் போனால் உலகப் படிப்பு இல்லை, உலகப் படிப்புக்குப் போனால் ஓத முடியாது என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. 1973இல் பேருவளையில் மாணிக்க வியாபாரியான நளீம் ஹாஜியார் ஜாமிஆ நளீமிய்யாவை ஆரம்பித்தார். அவர் பெரிய படிப்புப் படித்தவர் அல்ல. ஆனால் ஷரீஆவும் நவீன பாடங்களும் சேர்ந்து படித்த ஒரு தலைமுறை வேண்டும் என்பதை விளங்கி, தன் சொத்தை அதில் போட்டார். சித்திலெப்பை காலத்தில் பாடசாலை வாசலில் நின்ற அந்தப் பழைய பயத்துக்கு, மறுபக்கத்திலிருந்து கிடைத்த பதில் இது.

1977க்குப் பின் இன்னொரு வாசல் திறந்தது: மத்திய கிழக்கு. ஓ.எல். எழுதிய பையன் பெறுபேறு வரும் முன்பே பாஸ்போர்ட் எடுத்தான். அந்தப் பணத்தில் ஓலை வீடு கல் வீடானது, குமர் காரியங்கள் முடிந்தன. அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் பல ஊர்களில் ஏ.எல். வகுப்பில் ஆண் பிள்ளைகளின் வாங்குகள் காலியாகத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான்.

பிறகு யுத்தம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஏறக்குறைய 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். யாழ்ப்பாணம் ஒஸ்மானியாவிலும் மன்னார் எருக்கலம்பிட்டியிலும் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் புத்தளத்தின் கிடுகுக் கொட்டில்களில் புத்தகம் இல்லாமல் உட்கார்ந்தார்கள். "எந்தப் பாடசாலை நல்லம்" என்று கேட்க அவர்களுக்கு வழி இருக்கவில்லை. எந்தப் பாடசாலை மாலை நேரத்தில் இடம் தரும், சான்றிதழ் இல்லாமல் யார் சேர்ப்பார்கள் என்பதுதான் கேள்வி. புத்தளத்து மக்கள் தங்கள் பிள்ளைகளுக்கே போதாதிருந்த வகுப்பறைகளைப் பகிர்ந்துகொண்டார்கள். அப்படிப் படித்து டொக்டராகவும் ஆசிரியராகவும் வந்தவர்கள் இந்தப் பதிவை வாசிப்பவர்களிலும் இருப்பார்கள்.

கிழக்கிலும் நிலைமை நல்லதாக இல்லை. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருந்தது. ஆனால் அந்தப் பாதையால் போய்வர நம் பிள்ளைகளும் பெற்றோரும் அஞ்சினார்கள். அந்த நெருக்கடிக்குள்தான் எம். எச். எம். அஷ்ரபின் முயற்சியால் 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி ஆரம்பமாகி, 1996இல் முழுப் பல்கலைக்கழகமானது. இன்று ஒலுவிலில் எல்லா இனப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில் ஒரு பல்கலைக்கழகம் வந்ததால், "தூரம்" என்ற ஒரே காரணத்துக்காக நின்றிருக்கக்கூடிய எத்தனை பெண் பிள்ளைகள் பட்டம் பெற்றார்கள் என்று அம்பாறைக் கரையோர ஊர்களில் கேட்டுப் பாருங்கள்.

இதுவரை சொன்னதைக் கூட்டிப் பார்த்தால், நம் பிள்ளைகளின் படிப்பு எங்கே நின்றது என்பதை ஒவ்வொரு காலத்திலும் நாலு விடயங்களே தீர்மானித்திருக்கின்றன: தூரம், காசு, மொழி, பயம். பிள்ளையின் மூளை அந்தப் பட்டியலில் எப்போதும் கடைசியில்தான். ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் அந்த நாலில் ஒன்றைக் குறைத்தபோது, பிள்ளைகள் தாமாகவே மேலே போனார்கள்.

இனி இன்றைக்கு வருவோம். 2016 முதல் சட்டப்படி 16 வயது வரை பாடசாலைக் கல்வி கட்டாயம். அதற்கு மேல் பிள்ளையும் பெற்றோரும் எடுக்கும் முடிவுதான். நாட்டில் ஏறக்குறைய 10,000 அரச பாடசாலைகள் இருக்கின்றன. அவற்றில் ஏ.எல். விஞ்ஞான, கணிதப் பிரிவு உள்ள 1ஏபி பாடசாலைகள் ஏறக்குறைய 1,000 மட்டுமே, அதாவது பத்தில் ஒன்று. 1சி வகைப் பாடசாலைகளில் கலையும் வர்த்தகமும்தான் உண்டு. மற்றவை 11ஆம் தரத்தோடு, அல்லது அதற்கும் முன்பே நின்றுவிடும். ஆகவே "என் பிள்ளை ஆர்ட்ஸைத் தெரிவு செய்தது" என்று நாம் சொல்லும் இடங்கள் பலவற்றில் பிள்ளை ஒன்றையும் தெரிவு செய்யவில்லை. ஊர்ப் பாடசாலையில் இருந்தது அது ஒன்றுதான்.

கலைப்பிரிவைக் குறைத்துச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். விருப்பத்தோடு கலை படித்தவர்கள் சட்டத்தரணிகளாகவும் நிர்வாக சேவை அதிகாரிகளாகவும் வந்திருக்கிறார்கள். அஸீஸே வரலாறு படித்தவர்தான். பிரச்சினை, கணிதத்தில் ஏ எடுத்த மகள், அடுத்த ஊருக்கு பஸ் இல்லை என்பதற்காக விரும்பாத பாடத்தில் உட்கார்வது. அதே நேரம், இன்னொரு வீட்டில் விஞ்ஞானத்தில் கஷ்டப்பட்டுத் தேறிய மகன், சொந்தக்காரர் முன்னால் மானம் போய்விடும் என்பதற்காக உயிரியல் வகுப்பில் உட்கார்வதும்தான்.

பெற்றோர் கேட்கும் கேள்விக்கு எங்கள் பதில் இதுதான். பாடசாலையின் பெயரை முதலில் கேட்காதீர்கள்.

முதலில் பிள்ளையின் பெறுபேற்றுத் தாளை எடுத்து, எந்தப் பாடத்தில் அது தானாக உழைத்தது, எதில் ரியூசன் இழுத்துக்கொண்டு போனது என்று பாருங்கள். உங்களைவிடப் பாட ஆசிரியருக்கு அது தெரியும். கேளுங்கள்.

இரண்டாவது, போகப்போகும் பாடசாலையில் அந்தப் பிரிவின் மூன்று பாடத்துக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். வாசலில் பெரிய பெயர்ப்பலகை இருக்கும், பௌதிகவியலுக்கு ஆள் இருக்காது. அடுத்த ஊரின் பெயர் தெரியாத பாடசாலையில் 20 வருட அனுபவமுள்ள ஆசிரியை இருப்பார்.

மூன்றாவது, தூரத்தைக் காசாகவும் நேரமாகவும் கணக்குப் பாருங்கள். காலையும் மாலையும் இரண்டிரண்டு மணித்தியாலம் பஸ்ஸில் நிற்கும் பிள்ளை இரவில் எதைப் படிக்கும்? மாவட்ட ஒதுக்கீடு இன்றும் இருக்கிறது: பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. மாவட்டம் விட்டு மாவட்டம் மாற்றுவதற்கு முன் அதன் விதிகளைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலில் வாசியுங்கள். பக்கத்து வீட்டார் சொன்னதை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

நான்காவது, ஏ.எல். மட்டும்தான் வழி என்று நினைக்காதீர்கள். 2013 முதல் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது. 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தில், ஓ.எல். சித்தியடையாத பிள்ளையும் தொழிற்கல்விப் பிரிவில் 12, 13ஆம் தரம் படிக்கலாம். தொழில்நுட்பக் கல்லூரிகளும் தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களும் கொடுக்கும் என்.வி.கியூ. சான்றிதழ் படிப்படியாக ஏறி ஏழாம் மட்டத்தில் பட்டம் வரை போகிறது. இரத்மலானையில் அதற்கென்றே தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. வளைகுடாவுக்குத்தான் அனுப்பப் போகிறீர்கள் என்றாலும், கையில் ஒரு என்.வி.கியூ. நான்கோடு போகிறவனுக்கும் வெறுங்கையோடு போகிறவனுக்கும் சம்பளம் ஒன்றல்ல.

மத்ரஸாவுக்கு அனுப்ப நினைப்பவர்கள் ஒரு கேள்வி கேளுங்கள்: அங்கே ஏ.எல். எழுத வழி இருக்கிறதா? பிள்ளை மௌலவியாக வெளியே வரும்போது அரசாங்கம் அங்கீகரிக்கும் ஒரு சான்றிதழும் கையில் இருக்க வேண்டும். அதைச் செய்து காட்டிய இடங்கள் இருக்கின்றன.

இது வரை பெற்றோருக்கு. இனிச் சொல்வது ஊருக்கு, குறிப்பாகப் பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும்.

இந்த மாதம் உங்கள் ஊரில் ஓ.எல். எழுதிய பிள்ளைகளின் பட்டியலை அதிபரிடம் கேட்டு எடுங்கள். யார் யார் எங்கே போகிறார்கள் என்று எழுதுங்கள். அதில் ஒரு பகுதியினருக்கு நேரே எதுவும் எழுத முடியாமல் இருக்கும். அந்த வீடுகளுக்குப் போய் காரணம் கேளுங்கள். அநேகமாக அந்தப் பழைய நாலில் ஒன்றுதான் பதிலாக வரும். பஸ் காசு என்றால் மாதம் எவ்வளவு என்று கணக்குப் போடலாம். பெண் பிள்ளை தனியாகப் போகப் பயம் என்றால் நாலு பிள்ளைகளைச் சேர்த்து ஒரு வேன் பிடிக்கலாம். விடுதிக் கட்டணம் என்றால் ஒரு தனவந்தரைக் கேட்கலாம். ஸகாத் நிதி இருக்கிறது. கந்தூரிக்கும் பள்ளிவாசல் மினாராவுக்கும் சேரும் காசில் ஒரு சின்னப் பங்கு இதற்குப் போதும்.

அஸீஸ் கல்முனையில் ஆரம்பித்ததும் இப்படித்தான், ஒரு பகுதியின் பிள்ளைகளை எண்ணிப் பார்த்து. நளீம் ஹாஜியாரிடம் இருந்ததில் ஆயிரத்தில் ஒரு பங்கு வசதிகூட நம் ஊர்களில் இல்லாமலில்லை. 11ஆம் தரத்தோடு நிற்கப்போகும் பிள்ளையின் பெயர் நமக்குத் தெரியும், வீடும் தெரியும். ஏ.எல். வகுப்புகள் தொடங்கிவிட்டால் அந்தப் பிள்ளை ஒரு கடையிலோ குசினியிலோ நிற்கும். பிறகு கூப்பிட்டால் வராது.

உங்கள் ஊரில் இப்படி ஏதாவது நடக்கிறதென்றால் கீழே எழுதுங்கள். மற்ற ஊராருக்கும் பிரயோசனமாக இருக்கும். ஏ.எல்.லுக்குப் பாடம் தெரிவு செய்வதில் சந்தேகம் உள்ள பிள்ளைகளும் கேட்கலாம். எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறோம், தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்டுச் சொல்கிறோம்.

நம் எல்லாப் பிள்ளைகளுக்கும் பயனுள்ள கல்வியை அல்லாஹ் வழங்குவானாக. ஆமீன்.